ஸ்கேன் நார்மல், ஆனால் மகனுக்குத் தலைவலி போகவில்லை: கால்பந்தில் தலை முட்டியதற்குப் பிறகு என்ன செய்ய?

கடலோர அம்மா | நவம்பர் 26, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் தூத்தூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. ஞாயிறு ராத்திரி லைட் போட்டு நடந்த, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் கார்னர் பந்துக்கு எகிறினான். எதிரணிப் பையன் தலை இவன் காதுக்கு மேலே வந்து முட்டியது. விழுந்தவன் தானே எழுந்தான், மயக்கம் எதுவும் இல்லை. தண்ணீர் தெளித்து, ஐஸ் வைத்து, 5 நிமிடத்தில் திரும்ப இறக்கிவிட்டார்கள். நானும் கைதட்டிக்கொண்டுதான் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்குப் பயம் தட்டியது. "அம்மா, யாரு ஜெயிச்சா?" என்று கேட்டான். சொன்னேன். சோறு போடும்போது திரும்பவும் கேட்டான். கை கழுவும்போது மூன்றாவது தடவை. ஒரு காலில் சாக்ஸைக் கழற்றிவிட்டு, மறுகால் சாக்ஸோடு கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தான், தலைமுடி முழுக்க மணல். 11 மணிக்கு ஒரு தடவை சத்தி (வாந்தி) எடுத்தான். உடனே வண்டி பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். "நார்மல், ரெண்டு நாள் கழித்துப் பள்ளிக்கும் விளையாட்டுக்கும் அனுப்பலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இன்றோடு 3 நாள். டியூப்லைட்டைப் போட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். மீன் குழம்பு வாசனை வந்தால் குமட்டுகிறது. புத்தகத்தை எடுத்த 10 நிமிடத்தில் தலைவலி. தொட்டதற்கெல்லாம் தம்பியிடம் சள்ளென்று விழுகிறான், அவன் குணம் அது இல்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்தால் அரையாண்டுத் தேர்வு வரும். அதே நேரத்தில் இறுதிப் போட்டியும் இருக்கிறது, இறங்கியே தீருவேன் என்கிறான். அவன் அப்பா ஆழ்கடலில் தங்கல் போயிருக்கிறார், கரைக்கு வர இன்னும் 3 வாரம் ஆகும். என் நாத்தனார் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் கூட்டிப்போகச் சொல்கிறாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் இந்தத் தலைவலி எங்கிருந்து வருகிறது? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெனால்ட்டி பாக்ஸ் | நவம்பர் 26, இரவு 10.05

அக்கா, பயப்படாதீர்கள். நான் 20 வருடமாகக் கடற்கரையில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். தலை முட்டுவது எல்லா ஆட்டத்திலும் உண்டு. ரெண்டு மூணு நாள் வலி இருக்கும், அப்புறம் தானாகப் போகும். ஸ்கேனே நார்மல் என்று வந்துவிட்டது. ரொம்ப நாள் வீட்டில் படுக்கப் போட்டால் பிள்ளைக்கு மனசு விட்டுப்போகும், அதையும் பாருங்கள்.

இரவுப்பணி நர்ஸ் | நவம்பர் 26, இரவு 11.30

கருங்கல் பக்கம் பிறந்தவள், இப்போது மஸ்கட்டில் அவசரப் பிரிவில் வேலை. அக்கா, மற்றதற்கு முன்னால் இதைப் படியுங்கள். தலைவலி நேரம் போகப் போக ஏறுகிறதா? திரும்பத் திரும்பச் சத்தி எடுக்கிறானா? வலிப்பு வந்ததா? ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கிறதா? பேச்சு குழறுகிறதா, ஒரு பக்கக் கை கால் தளர்கிறதா? எழுப்பினால் எழ மறுக்கிறானா? மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காதுக்கு மேலே உள்ள எலும்பு மெல்லியது, அதை ஒட்டி உள்ளே ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால் பிள்ளை கொஞ்ச நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் சரிவான். அந்த ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் சி.டி. எடுத்தார்கள். இல்லை என்று வந்தது நல்ல செய்தி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சி.டி. பார்ப்பது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். உங்கள் மகனுக்கு வந்திருப்பது கன்கஷன் போலத் தெரிகிறது, தமிழில் மூளையதிர்வு என்று சொல்லலாம். அது ஸ்கேனில் தெரியாது. படகு பாறையில் தட்டினால் பலகை உடைந்ததா என்று பார்க்கிறோம். பலகை உடையாவிட்டாலும் என்ஜின் விட்டு விட்டு ஓடும் இல்லையா, அது மாதிரி. குலுங்கலில் நரம்புச் செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே போகிறது, கால்சியம் உள்ளே வருகிறது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூளைக்கு அதிகச் சக்தி வேண்டும். அதே நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது. தேவை கூடி வரத்து குறையும் இந்த நாட்களில்தான் வெளிச்சம் கூசும், படிப்பு ஏறாது, எரிச்சல் வரும்.

மயக்கம் போடவில்லையே என்று நினைக்காதீர்கள். கன்கஷன் வந்தவர்களில் நினைவு தப்புகிறவர்கள் 10-இல் ஒருவருக்கும் குறைவு. ஒரே கேள்வியை 3 தடவை கேட்டானே, அதுதான் பெரிய அடையாளம். அவனை அன்று திரும்ப இறக்கியிருக்கக் கூடாது.

கடலோர அம்மா | நவம்பர் 27, காலை 6.15

நீங்கள் சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை, டார்ச் அடித்துக் கண்மணியும் பார்த்தேன், இரண்டும் ஒன்றுபோலச் சுருங்குகிறது. நன்றி தங்கச்சி. முதல் நாள் ராத்திரி தூங்கவிடாமல் விடிய விடிய எழுப்பிக்கொண்டே இருந்தேன், மாமியார் அப்படித்தான் சொன்னார்கள். அது தப்பா? இப்போது பகலிலும் இருட்டு அறையில்தான் படுக்க வைத்திருக்கிறேன், சும்மா கிடக்க முடியாமல் செல்போன் பார்க்கிறான்.

இரவுப்பணி நர்ஸ் | நவம்பர் 27, மாலை 4.00

மாமியார் பயத்தில் சொன்னது, தப்பு என்று நினைக்காதீர்கள். டாக்டர் பார்த்து, ஸ்கேனும் தெளிவாக இருந்தால் தூங்க விடலாம். தூக்கம்தான் மூளை தேறுகிற நேரம். முதல் இரவு பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

இருட்டறையில் நாள் கணக்காகப் படுக்க வைப்பது பழைய முறை. முதல் 24 முதல் 48 மணி நேரம் மட்டும் ஓய்வு போதும், அதுவும் கட்டிலிலேயே கிடக்கும் ஓய்வு வேண்டாம். வீட்டுக்குள் நடக்கட்டும், முற்றத்தில் உட்காரட்டும். செல்போனைத்தான் அந்த 2 நாளில் வாங்கி வைத்திருக்க வேண்டும். 2021-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்கள் சராசரியாக 3.5 நாளில் தேறினார்கள், பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 8 நாள் ஆனது. போன நாள் போகட்டும், இப்போதிலிருந்து பைய பையக் குறையுங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதும், அதையும் தினமும் வழக்கமாக்க வேண்டாம்.

பி.டி. சார் | நவம்பர் 27, இரவு 8.20

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பெனால்ட்டி பாக்ஸ் அண்ணாச்சி, உங்களைக் குறை சொல்ல வரவில்லை, நானும் 10 வருடம் முன்னால் உங்களைப் போலவே பிள்ளைகளைத் திரும்ப இறக்கியவன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது.

2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கும். ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் முதல் பாதியில் எதிரணி வீரரின் தோளில் மோதி விழுந்தார். எழுந்து ஆடினார். சுமார் கால் மணி நேரம் ஆடியபிறகுதான் 31-ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்தார்கள். எப்படித் தெரிந்தது? நடுவர் ரிஸோலியிடம் போய் "இது இறுதி ஆட்டமா?" என்று கேட்டிருக்கிறார். உலகத்தின் பெரிய மைதானத்தில், டாக்டர்கள் சுற்றி நிற்கும்போதே இது நடக்கிறது. நம் மணலில் யார் கவனிப்பார்கள்? நாம்தான் கவனிக்க வேண்டும்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். பையன் தலையில் வாங்கினால் வெளியே கூப்பிட்டு 5 கேள்வி கேட்பேன். இது எந்த மைதானம், இது எந்தப் பாதி, கடைசியாகக் கோல் போட்டது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா? மேடக்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் பெயரில் இருக்கும் கேள்விகள் இவை. "இன்று என்ன கிழமை" என்று கேட்பதைவிட இது சரியாகப் பிடிக்கும், ஏனென்றால் அடிபட்ட பிள்ளைக்குத் தன் பெயரும் கிழமையும் தெரியும், சற்று முன் நடந்த ஆட்டம்தான் நழுவும். அப்புறம் மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வேன். கோடு கிழித்து, குதிகால் விரல் முட்ட 3 மீட்டர் நடந்து திரும்பச் சொல்வேன். எதிலாவது தடுமாறினால் அன்று ஆட்டம் முடிந்தது. எல்லாம் சரியாகச் செய்தாலும், தலை வலிக்கிறது என்றோ கிறுகிறுக்கிறது என்றோ சொன்னால் அப்போதும் ஆட்டம் முடிந்தது. சில பேருக்கு அறிகுறி மணிக்கணக்கில் பிந்தியும் வரும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், லேசான அடியாக இருந்தாலும், மூளை திடீரென்று வீங்கிவிடக்கூடும். அரிதுதான். ஆனால் பதிவானவை பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகள். 2011-இல் வட அயர்லாந்தில் 14 வயது ரக்பி வீரன் ஒருவன் பள்ளி ஆட்டத்தில் தலையில் அடி வாங்கியும் தொடர்ந்து ஆடி, மைதானத்திலேயே சரிந்தான், பிழைக்கவில்லை. இந்த அம்மாவின் மகனுக்கும் அதே வயது. அந்த இறுதிப் போட்டி வேண்டாம் அம்மா.

பெனால்ட்டி பாக்ஸ் | நவம்பர் 27, இரவு 9.45

சார், படித்தேன். 2 தடவை படித்தேன். போன வருஷம் ஈஸ்டர் கோப்பையில் எங்கள் கோல்கீப்பர் போஸ்டில் தலை இடித்துக்கொண்டான். அவனும் மறுநாள் ஆடினான். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இப்போது நினைத்தால் கை நடுங்குகிறது. ஒரு சந்தேகம்: தலைக்கு ஹெல்மெட் மாதிரி பட்டை விற்கிறார்களே, அதை வாங்கிக் கொடுத்தால் தீருமா?

பி.டி. சார் | நவம்பர் 27, இரவு 10.10

அதை நம்பி இருக்க முடியாது அண்ணாச்சி. வெளிக்காயம் குறையலாம், ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை மேலே போடும் பட்டை நிறுத்தாது. தலை முட்டும் பயிற்சியையே சின்னப் பிள்ளைகளுக்குக் குறைப்பதுதான் வழி. அமெரிக்கக் கால்பந்து சங்கம் 2015-இலேயே 10 வயது வரை ஹெட்டிங் (பந்தைத் தலையால் முட்டுவது) கூடாது என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் 8 வயசுப் பிள்ளைக்கு ஈரப்பந்தைத் தூக்கிப் போட்டுத் தலையால் அடிக்கச் சொல்கிறோம்.

ஆசான் பேரன் | நவம்பர் 28, காலை 7.00

தக்கலை பக்கம். தாத்தா வர்ம ஆசான், அடிமுறை என்ற தற்காப்புக் கலையும் சொல்லிக்கொடுத்தவர். நாத்தனார் சொன்னதில் அன்பு இருக்கிறது, அதை உதற வேண்டாம். ஆனால் தாத்தா எங்களுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். மயங்கி விழுந்தவனை எழுப்ப இளக்குமுறை என்ற வர்ம முறையைச் செய்வார், சுக்கை மென்று காதில் ஊதுவார். கண் திறந்ததும் முதலில் கண்மணியைப் பார்ப்பார். சத்தி எடுத்தாலோ, ஒரு கண்மணி விரிந்திருந்தாலோ, "இது என் கையில் நிற்காது, வண்டியைக் கூப்பிடு" என்று அவரே சொல்வார். நல்ல ஆசானுக்குத் தன் எல்லை தெரியும்.

அக்கா, தலைக்கு எண்ணெய் வைத்து மெதுவாகத் தடவுவதால் பிள்ளைக்கு இதம் கிடைத்தால் கிடைக்கட்டும். கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். தலையில் விழுந்த அடி கழுத்திலும் விழுந்திருக்கும்.

கபடி தங்கச்சி | நவம்பர் 28, பிற்பகல் 2.30

இந்த இழையைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. கல்லூரி இரண்டாம் ஆண்டு, ராஜாக்கமங்கலம் பக்கம். பிளஸ் ஒன் படிக்கும்போது ரெய்டு போன என்னை 3 பேர் சேர்த்துப் பிடித்ததில் பின்மண்டை தரையில் அடித்தது. ஒருவரும் கன்கஷன் என்ற சொல்லைச் சொல்லவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு என்ன கபடி" என்றுதான் பேச்சு வந்தது. வலிக்கிறது என்று சொன்னால் விளையாட்டை நிறுத்திவிடுவார்கள் என்று 6 வாரம் மறைத்தேன். போர்டில் எழுதுவதைக் கண் தூக்கிப் பார்த்துவிட்டு நோட்டுக்குக் குனிந்தால் எழுத்து மிதக்கும். அந்தத் தேர்வில் முதல்முறையாகக் கணக்கில் பெயில் ஆனேன். படிப்பில் கவனம் போய்விட்டது, காதல் கீதல் இருக்கும் என்றுகூடச் சொன்னார்கள்.

கடைசியில் ஒரு பிசியோதெரபி அக்காதான் பிடித்தார். தலைவலியில் பாதி என் கழுத்திலிருந்தும், கிறுகிறுப்பு சமநிலைக் கோளாறாலும் வந்திருக்கிறது. கட்டைவிரலை நீட்டி, அதையே பார்த்தபடி தலையை இடவலமாக ஆட்டும் பயிற்சி கொடுத்தார். முதல் நாள் 20 நொடி தாங்கவில்லை. 3 வாரத்தில் 2 நிமிடம் செய்தேன். அதற்குப் பிறகுதான் எழுத்து மிதப்பது நின்றது.

அக்கா, உங்கள் மகனும் மறைப்பான். "வலிக்குதா" என்று கேட்டால் இல்லை என்பான். "0 முதல் 10-க்குள் எவ்வளவு" என்று கேளுங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எழுதி வையுங்கள்.

நாஞ்சில் பிசியோ | நவம்பர் 28, இரவு 9.15

தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. பெண் பிள்ளைகளுக்கு அறிகுறிகள் அதிகமாகவும் கூடுதல் நாளும் இருப்பதாகவே பல ஆய்வுகள் சொல்கின்றன, அவர்களை நம்பாமல் இருப்பது பெரிய அநியாயம்.

அம்மா, 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் உலக விளையாட்டு மருத்துவர்கள் கூடி எடுத்த முடிவுகள்தான் இப்போது வழிகாட்டி. அதில் எனக்குப் பிடித்தது, பள்ளிதான் முதலில், விளையாட்டு பிறகு. முதலில் வீட்டில் 15, 20 நிமிடமாகப் பிரித்துப் படிக்கட்டும். அப்புறம் அரை நாள் பள்ளி. ஜன்னல் வெயில் படாத பெஞ்ச், தொப்பி போட அனுமதி, தலை வலித்தால் ஆசிரியர் அறையில் கொஞ்சம் கண்மூடி உட்கார இடம், பி.டி. பீரியடில் ஓரமாக இருப்பது. தேர்வுக்குக் கூடுதல் நேரமோ, பிறகு எழுத வாய்ப்போ தரும்படி டாக்டரிடம் கடிதம் வாங்கித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். முழு நாள் பள்ளியைத் தலைவலி இல்லாமல் தாங்காத பிள்ளை மைதானத்தைத் தாங்க மாட்டான்.

விளையாட்டுக்கு 6 படி. வீட்டு நடமாட்டத்தில் தொடங்கி நடை, மெதுவான சைக்கிள், லேசான ஓட்டம் என்று போகும். நடை இப்போதே தொடங்கலாம், முழுக்கக் குணமாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2019-இல் வந்த ஓர் ஆய்வில், அடிபட்ட சில நாளிலேயே அறிகுறி கூடாத அளவு உடற்பயிற்சி செய்த பதின்வயதினர் 13 நாளில் தேறினார்கள், வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. நடக்கும்போது தலைவலி 10-க்கு 2 புள்ளிக்குமேல் கூடினால், அல்லது கூடியது ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றால், அன்று நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். அடுத்து தனியாகப் பந்து தட்டுவது, பிறகு கூட்டத்தோடு, ஆனால் மோதல் இல்லாத பயிற்சி. அந்தக் கட்டத்துக்குப் போகும் முன்பே அறிகுறி எல்லாம் போயிருக்க வேண்டும், மருத்துவரும் சரி சொல்ல வேண்டும். ஐந்தாவது படியில்தான் முட்டி மோதுகிற பயிற்சி, ஆறாவது ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். பெரும்பாலான பிள்ளைகள் 4 வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். அதைத் தாண்டினால் விட்டுவிடாமல் காட்டுங்கள்.

கடலோர அம்மா | டிசம்பர் 9, இரவு 8.50

மன்னிக்கவும், நடுவில் எழுத முடியவில்லை. ஆசாரிபள்ளம் போய்க் காட்டினோம். டாக்டர் கடிதம் தந்தார். தலைமையாசிரியர் முதலில் "ஸ்கேன் நார்மல் என்று தாளில் இருக்கே" என்றார். நான் அந்தப் படகுக் கதையைச் சொன்னேன். அவரும் கடற்கரைக்காரர், ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார், அப்புறம் கையெழுத்துப் போட்டார். இப்போது அரை நாள் போகிறான்.

காலண்டரில் தினமும் 2 எண் எழுதுகிறேன். முதல் நாள் 6, 7. நேற்று 2, 3. சவேரியார் கோயில் கூட்டத்துக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை, அந்த லைட்டும் மைக் சத்தமும் தாங்காது என்று. அவனுக்கு அதுதான் பெரிய வருத்தம். கடற்கரையில் காலையில் 20 நிமிடம் நடக்கிறோம், நானும் கூட நடக்கிறேன்.

இறுதிப் போட்டிக்கு இல்லை என்றதும் 2 நாள் என்னோடு பேசவில்லை. பெனால்ட்டி பாக்ஸ் தம்பி, நீங்கள் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் கோச் வீட்டுக்கு வந்து, "நீ இல்லாம தோத்தாலும் பரவாயில்ல மக்களே" என்று சொன்னபிறகுதான் அவன் சோறு உண்டான்.

பெனால்ட்டி பாக்ஸ் | டிசம்பர் 9, இரவு 10.30

அது நான் இல்லை அக்கா, ஆனால் அந்தக் கோச்சின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எங்கள் கிளப்பில் ஒரு முடிவு எடுத்தோம். தலையில் அடிபட்ட பையனை வெளியே எடுத்தால், அவனுக்குப் பதில் வரும் ஆட்டக்காரரை, அனுமதித்த மாற்றுகளின் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று வரப்போகும் கோப்பை விதியில் எழுதுகிறோம். தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆள் இறக்கும் விதி கிரிக்கெட்டில் 2019-இலிருந்தே இருக்கிறதே. 2020 கான்பெராவில் ஜடேஜா தலையில் ஸ்டார்க் பந்து பட்டதும் சஹல் மாற்றாக வந்து 3 விக்கெட் எடுத்தார். ஆளை இழக்கிறோம் என்ற பயம் இருப்பதால்தான் நாங்கள் பிள்ளையை இறக்கினோம். அந்தப் பயத்தை விதியே எடுத்துவிட வேண்டும். பி.டி. சார், அந்த 5 கேள்வியையும் அட்டையில் எழுதி ஐஸ் பெட்டி மூடியில் ஒட்டிவிட்டேன்.

கடலோர அம்மா | ஜனவரி 6, இரவு 9.00

அவன் அப்பா கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கரைக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். கடைசி 12 நாளும் 0, 0.

தேர்வில் 3 பாடம் எழுதினான், மீதி 2 பாடத்தைப் பள்ளி திறந்ததும் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முழு நாள் பள்ளி போயும் வலி இல்லை. போன வாரம் தனியாகப் பந்து தட்டினான், ஒன்றும் செய்யவில்லை. நேற்று வராந்தாவில் டைல்ஸ் கோட்டின் மேல் குதிகால் விரல் முட்ட நடக்கச் சொன்னேன். தம்பி முன்னால் நின்று எண்ணிக்கொண்டே வந்தான். திரும்பும்போதும் கோட்டை விட்டுக் கால் இறங்கவில்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். அவர் சரி என்று எழுதித் தந்தால் அடுத்த வாரம் கூட்டத்தோடு பயிற்சி, ஹெட்டிங் இல்லாமல்.